ஆறு மொழிகள் வந்த வழி

ஐக்கிய நாடுகள் சபைக்கு அரபு, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் என்று ஆறு அலுவல் மொழிகள் இருப்பது போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். ஏன் இந்த ஆறு என்று கேட்டால், உலகில் அதிகம் பேர் பேசுவது இவற்றைத்தானே என்று பதில் வரும். அந்தப் பதில் தவறு. தாய்மொழியாகப் பேசுகிறவர்களை எண்ணினால் இந்தியும் வங்காளமும் போர்த்துகீசும் பிரெஞ்சைவிட வெகுதூரம் முன்னால் நிற்கின்றன. தலைக்கணக்கு எந்தக் காலத்திலும் இந்தப் பட்டியலைத் தீர்மானித்ததில்லை. 1919 முதல் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால், ஒரு மொழி உலக மன்றத்துக்குள் நுழைய மூன்று வாசல்களே இருந்திருப்பது தெரியும். ஒன்று போரில் பெற்ற வெற்றி, இன்னொன்று வாக்குகளின் எண்ணிக்கை, மூன்றாவது பணம். பன்மொழித்தன்மையைப் பேணவேண்டும் என்ற கொள்கை மிகவும் பிந்தி வந்தது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட மொழிகளைக் காப்பாற்றுவதற்காகவே அது எழுதப்பட்டது. புதிதாக ஒரு மொழியைக்கூட அது உள்ளே கொண்டுவரவில்லை. உலக அமைப்புகளில் தங்கள் மொழிக்கு இடம் கேட்கிறவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

ஐரோப்பிய அரசுகள் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே தங்களுக்குள் பிரெஞ்சில்தான் பேசிவந்தன. ஆனால் அதை யாரும் உரிமையாக ஒப்புக்கொள்ளவில்லை. நெப்போலியனை வீழ்த்திய பிறகு 1815இல் வியன்னாவில் கையெழுத்தான இறுதி ஆவணத்தைப் பார்த்தாலே போதும். தோற்றது பிரான்ஸ், ஆவணம் எழுதப்பட்டதோ பிரெஞ்சில். ஆனால் அதன் 120ஆம் பிரிவு, இந்த ஆவணத்தில் பிரெஞ்சைப் பயன்படுத்தியதை யாரும் முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்று சொல்கிறது. பழக்கத்தில் ஏற்றுக்கொள்வோம், சட்டத்தில் ஏற்கமாட்டோம் என்ற இந்த இரட்டை நிலை நூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. பழக்கத்தையும் உடைத்தது முதல் உலகப் போர்.

1919 ஜனவரியில் பாரிஸ் சமாதான மாநாடு தொடங்கியதும் எழுந்த முதல் தகராறுகளில் ஒன்று மொழித் தகராறு. இராஜதந்திரத்தின் மொழி பிரெஞ்சுதான் என்றார் பிரான்சின் பிரதமர் கிளெமன்சோ. அவர் இளமையில் அமெரிக்காவில் வாழ்ந்தவர். ஆங்கிலம் சரளமாகத் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்த அமெரிக்க அதிபர் வில்சனுக்கும் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜுக்கும் பிரெஞ்சில் பேச வராது. போரை முடித்துவைத்ததில் பெரும்பங்கு ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு இருந்தபோது, அவர்களைப் பிரெஞ்சில் கையெழுத்திடச் சொல்ல முடியவில்லை. இரண்டு மொழிகளும் சமம் என்று முடிவானது. வெர்சாய் ஒப்பந்தத்தின் பிரெஞ்சு, ஆங்கில வாசகங்கள் இரண்டும் அதிகாரபூர்வமானவை. அப்படியானால் இத்தாலியனையும் சேருங்கள் என்று இத்தாலிய வெளியுறவு அமைச்சர் சோனினோ கேட்டார். இத்தாலியும் வென்ற அணியில்தான் இருந்தது. இருந்தும் அந்தக் கோரிக்கை எடுபடவில்லை. வென்றவர்களுக்குள்ளும் பெரியவர், சிறியவர் உண்டு என்பதுதான் அன்றைய நியாயம். நான்கு நாட்டுத் தலைவர்கள் மட்டும் கூடிய அறையில் இத்தாலியப் பிரதமர் ஒர்லாண்டோவுக்கு ஆங்கிலம் தெரியாது. பேச்சு முழுவதையும் இரு மொழிகளுக்கிடையே கடத்தியவர் போல் மந்தூ என்ற வரலாற்றுப் பேராசிரியர். ஒருவர் பேசி முடிக்கும்வரை குறிப்பெடுத்துக்கொண்டு, பிறகு அந்தப் பேச்சை மற்ற மொழியில் முழுதாகத் திரும்பச் சொல்வது அவர் முறை. நம் ஊர்க் கும்பினிக் காலத்துத் துபாஷிகள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் நடுவில் தரகும் பார்த்தார்கள்.

அடுத்து வந்த சர்வதேச சங்கம் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டது. அங்கே நடந்த ஒரே சுவாரசியமான கலகம் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியைப் பற்றியது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மொழி என்பதால் எல்லோருக்கும் அது பொதுவாக இருக்கும் என்று சில நாடுகள் வாதிட்டன. சங்கத்தின் துணைப் பொதுச்செயலாளராக இருந்த ஜப்பானியர் இனாசோ நிதோபே, 1921இல் பிராகில் நடந்த எஸ்பெராண்டோ மாநாட்டுக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆதரவாக எழுதினார். பிரான்ஸ் கடுமையாக எதிர்த்தது. விவகாரம் அறிவாளர் குழு ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. அக்குழு 1923இல் செயற்கை மொழியைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது. நியாயத்தை மட்டுமே துணையாகக் கொண்டு உலக மன்றத்தின் கதவைத் தட்டிய ஒரே மொழி எஸ்பெராண்டோ என்று சொல்லலாம். அதன் பின்னால் படையும் இல்லை, வாக்குக் கூட்டமும் இல்லை, கருவூலமும் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதே கதை பெரிய அளவில் நடந்தது. 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் எழுதப்பட்ட ஐ.நா. சாசனத்தின் 111ஆம் பிரிவு, சீனம், பிரெஞ்சு, ரஷ்யன், ஆங்கிலம், ஸ்பானிஷ் ஆகிய ஐந்து வாசகங்களும் சம அதிகாரம் உடையவை என்கிறது. முதல் நான்கும் பாதுகாப்புச் சபையின் நிரந்தர உறுப்பினர்களின் மொழிகள், அதாவது போரை வென்றவர்களின் மொழிகள். ஐந்தாவது வந்ததற்குக் காரணம் எண்ணிக்கை. ஆரம்பத்தில் சேர்ந்த 51 நாடுகளில் 18 நாடுகள் லத்தீன் அமெரிக்காவின் ஸ்பானிஷ் நாடுகள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தோற்ற நாடுகளின் ஜெர்மனும் ஜப்பானிய மொழியும் இத்தாலியனும் பேச்சிலேயே இல்லை. 1946 பிப்ரவரி 1ஆம் தேதி பொதுச்சபை நிறைவேற்றிய மொழி விதிகள் இந்த ஐந்தையும் அலுவல் மொழிகள் ஆக்கின. ஆனால் அதிலேயே ஒரு நுணுக்கம் இருந்தது. அலுவல் மொழி வேறு, பணிமொழி வேறு. பணிமொழிகள் என்ற உயர்ந்த படி ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் மட்டும்தான்.

அந்தப் படிநிலை நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்பதைக் கவனிக்கவேண்டும். ஆங்கிலத்தில் பேசினால் அது பிரெஞ்சில் திரும்பச் சொல்லப்படும்; பிரெஞ்சில் பேசினால் ஆங்கிலத்தில். ரஷ்யனிலோ சீனத்திலோ ஸ்பானிஷிலோ ஒருவர் பேசினால் இரண்டு பணிமொழிகளிலும் சொல்லியாகவேண்டும். எல்லாம் மந்தூ காலத்து முறைதான்: பேச்சு முழுவதும் முடிந்தபின், மறுபடி முதலிலிருந்து. ஒரு சோவியத் பிரதிநிதி அரை மணி நேரம் பேசினால் அவை அதை ஒன்றரை மணி நேரம் கேட்டது. பன்மொழியை எதிர்த்தவர்களின் கையில் இருந்த மிக வலுவான ஆயுதம் கடிகாரம். இரண்டு மொழிக்கே இந்தப் பாடு என்றால் ஐந்து மொழிக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அன்று யாராலும் பதில் சொல்ல முடியாது. பதில் நீதிமன்றம் ஒன்றிலிருந்து வந்தது.

கேட்டுக்கொண்டே மொழிபெயர்க்கலாம் என்ற யோசனை புதிதல்ல. பாஸ்டன் நகர வணிகர் எட்வர்ட் ஃபைலீனும் பொறியாளர் கார்டன் ஃபின்லேயும் இதற்கென்று ஒரு கருவி வடிவமைத்து, 1927இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாநாட்டில் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு ஐபிஎம் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் அது ஒரு வேடிக்கைப் பொருளாகவே கிடந்தது. 1945 நவம்பர் 20ஆம் தேதி நியூரம்பெர்கில் நாஜித் தலைவர்கள் மீதான விசாரணை தொடங்கியபோதுதான் அது இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது. நீதிபதிகள் பேசியவை ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன். குற்றம்சாட்டப்பட்டவர்கள் பேசியது ஜெர்மன். பழைய முறையில் போயிருந்தால் விசாரணை பல ஆண்டுகள் இழுத்திருக்கும். தன்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டு தனக்குப் புரிகிற மொழியில் வேண்டும் என்ற உரிமையையும் மறுக்க முடியாது. ஐசன்ஹோவரின் மொழிபெயர்ப்பாளராக இருந்த, பிரான்சில் பிறந்த அமெரிக்கர் லியோன் தோஸ்தேர் பொறுப்பேற்றார். ஐபிஎம் கருவிகளை வாடகையில்லாமல் கொடுத்தது. 12 பேர் கொண்ட மூன்று அணிகள் முறைவைத்து வேலை செய்தன.

அந்தக் கூடத்தின் ஏற்பாடு இன்றைய எல்லா உலக மாநாடுகளுக்கும் மூலப்படி. ஒவ்வோர் இருக்கையிலும் காதுக்கருவி. பக்கத்தில் ஒரு திருகு. அதை ஒன்றில் வைத்தால் பேசுகிறவரின் சொந்தக் குரல், இரண்டில் ஆங்கிலம், மூன்றில் ரஷ்யன், நான்கில் பிரெஞ்சு, ஐந்தில் ஜெர்மன். குற்றவாளிக் கூண்டின் ஓரத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மொழிபெயர்ப்பாளர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வேகமாகப் பேசினால் சாட்சியின் முன் மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் பேச்சை நிறுத்தவேண்டும். பேசுகிறவர் தன் வேகத்தை மொழிபெயர்ப்பாளருக்காகக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்பது அங்கே நீதிமன்ற ஒழுங்காக இருந்தது. இன்று நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் எழுதிக் கொண்டுவந்த உரையைப் பிரதிநிதிகள் தலைதெறிக்க வாசித்துவிட்டுப் போகிறார்கள். அந்த மஞ்சள் விளக்கை மறுபடி பொருத்தினால் தேவலை. நான்கு மொழிகளில் நடந்த விசாரணை 1946 அக்டோபர் 1ஆம் தேதி தீர்ப்போடு முடிந்தது. பத்து மாதங்கள்தான்.

தோஸ்தேர் அங்கிருந்து ஐ.நா.வுக்கு வந்து அதே ஏற்பாட்டைச் செய்யத் தொடங்கினார். முதலில் எதிர்த்தவர்கள் மொழிபெயர்ப்பாளர்களே. பழைய முறையின் வித்தகர்கள் சாதாரண ஆட்களல்லர். அவர்கள் பேச்சாளருக்குப் பக்கத்தில் நின்று, ஒரு மணி நேர உரையைக் குறிப்புச் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தோடு மறுபடி நிகழ்த்திக்காட்டியவர்கள். அவைக்கு முகம் தெரிந்த கலைஞர்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வாக்கியம் முடிவதற்குள்ளே பேசுகிறவர்களை அவர்கள் தொலைபேசிக்காரர்கள் என்று ஏளனம் செய்தார்கள். அந்த ஏளனத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. முழுப் பேச்சையும் கேட்டுவிட்டுச் சொல்கிறவர் கருத்தைத் தொகுத்துச் சொல்கிறார். கூடவே ஓடுகிறவர் எங்கே போகிறோம் என்று தெரியாமலே ஓடுகிறார். மொழிபெயர்ப்பு நடக்கும் நேரத்தில் பதிலை யோசித்துக்கொள்ளலாம் என்பதால் பிரதிநிதிகளில் சிலருக்கும் பழைய முறையே பிடித்திருந்தது. ஆனால் நேரக் கணக்கு எல்லாவற்றையும் வென்றது. 1947 நவம்பர் 15ஆம் தேதி பொதுச்சபை உடனடி மொழிபெயர்ப்பை நிரந்தர ஏற்பாடாக ஏற்றுக்கொண்டது. மொழி உரிமை பற்றிய எந்தப் பிரகடனமும் செய்யாததை இந்தத் தொழில்நுட்பத் தீர்மானம் செய்தது. மொழி கூடினால் கூட்டம் நீளும் என்ற வாதம் அன்றோடு செத்தது. மிஞ்சியது செலவு மட்டும்.

அதற்குப் பின் நடந்தவை வேகமாகச் சொல்லிவிடக்கூடியவை. 1948 டிசம்பரில் லத்தீன் அமெரிக்க நாடுகள் தங்கள் வாக்குபலத்தைக் காட்டி ஸ்பானிஷைப் பொதுச்சபையின் மூன்றாவது பணிமொழி ஆக்கின. வல்லரசான சோவியத் ஒன்றியத்தின் ரஷ்யன் அதற்கு இன்னும் இருபது ஆண்டுகள், 1968 டிசம்பர் வரை காத்திருந்தது. சீனத்துக்கு அந்தப் படி 1973 டிசம்பர் 18ஆம் தேதிதான் கிடைத்தது. 1946 முதல் அலுவல் மொழியாக இருந்தும் 27 ஆண்டுகள் அது ஏட்டளவில் கிடந்ததற்குக் காரணம், அந்த நாற்காலியில் பெரும்பகுதிக் காலம் தைவான் அரசு உட்கார்ந்திருந்ததுதான். 1971 அக்டோபரில் பெய்ஜிங் உள்ளே வந்தது; இரண்டே ஆண்டில் மொழியும் மேலே ஏறியது. பேசும் மக்கள் தொகை இந்த இடைவெளியில் தலைகீழாக மாறிவிடவில்லை. நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பதுதான் மாறியது.

அரபின் கதை தனி. அதே 1973 டிசம்பர் 18ஆம் தேதி, சீனத்துக்கான தீர்மானத்தை அடுத்து அரபுக்கான தீர்மானமும் நிறைவேறியது. 19 உறுப்பு நாடுகளின் மொழி அது, மனித நாகரிகத்தைப் பேணியதில் அதற்குப் பெரும் பங்குண்டு என்றெல்லாம் முன்னுரை சொல்கிறது. தீர்மானத்தின் உயிர் நாடி வேறொரு வரியில் இருக்கிறது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆகும் செலவை அரபு நாடுகளே கூட்டாக ஏற்றுக்கொள்கின்றன என்ற உறுதியைச் சபை பாராட்டுகிறது. அந்த அக்டோபரில் மூண்ட அரபு-இஸ்ரேல் போர் முடிந்து, எண்ணெய்த் தடையால் உலகமே அரபுத் தலைநகரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. வாக்கு இருந்தது, பணம் இருந்தது, எண்ணெயும் இருந்தது. அப்போதும் பாதுகாப்புச் சபையில் அரபு ஏற 1982 டிசம்பர் வரை ஆனது.

இதே காலத்தில் நடந்து, நம் கவனத்துக்கு அதிகம் வராத இன்னொன்று ஜெர்மன் ஏற்பாடு. இரு ஜெர்மனிகளும் 1973இல் ஐ.நா.வில் சேர்ந்தன. மறு ஆண்டு ஆஸ்திரியாவோடு சேர்ந்து அவை ஒரு கோரிக்கை வைத்தன. அலுவல் மொழித் தகுதி வேண்டாம், பொதுச்சபை, பாதுகாப்புச் சபைத் தீர்மானங்களும் முக்கிய அறிக்கைகளும் ஜெர்மனில் வெளிவந்தால் போதும், செலவு எங்களுடையது. கம்யூனிச ஜெர்மனியும் முதலாளித்துவ ஜெர்மனியும் வேறு எதில் ஒத்துப்போயினவோ தெரியாது, இதில் ஒத்துப்போயின. 1975 முதல் நியூயார்க் செயலகத்துக்குள்ளேயே ஒரு ஜெர்மன் மொழிபெயர்ப்புப் பிரிவு இயங்குகிறது. பேசும் மேடையில் இடமில்லை. படிக்கும் மேசையில் இடமுண்டு. என் கணிப்பில், பட்டியலுக்கு வெளியே நிற்கும் மொழிகளுக்கு வரலாறு விட்டுவைத்திருக்கும் மிகப் பயனுள்ள முன்மாதிரி இதுதான்.

இவ்வளவும் பொதுச்சபையின் கதை. அந்தச் சபைக்கு வேலை செய்யும் செயலகத்தில் பணிமொழிகள் இன்றும் இரண்டே, ஆங்கிலமும் பிரெஞ்சும். பிரெஞ்சின் இடம் பெரும்பாலும் மரியாதைக்குரியது. பொதுச்செயலாளர் ஆக விரும்புகிறவர் பிரெஞ்சு பேசியாகவேண்டும் என்று பாரிஸ் எதிர்பார்க்கிறது. பான் கி மூன் பிரெஞ்சு பாடம் படித்தது அந்தக் காலத்தில் பத்திரிகைச் செய்தியானது. அறிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பிறகே மற்ற ஐந்துக்கும் போகின்றன. இந்தச் சரிவைக் கண்டு பிரெஞ்சு பேசும் நாடுகள் முன்னெடுத்ததுதான் 1995 நவம்பர் 2ஆம் தேதியின் பன்மொழித் தீர்மானம். பன்மொழித்தன்மை என்ற பெயரிலேயே வந்த முதல் பொதுச்சபைத் தீர்மானம் அது. அதுவும் ஒருமனதாக நிறைவேறவில்லை, வாக்கெடுப்பு நடத்தவேண்டியிருந்தது. பன்மொழி ஒருங்கிணைப்பாளர் பதவி, ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நாள், 2008ஐ உலக மொழிகள் ஆண்டாக அறிவித்தது எல்லாம் இதன் வழிவந்தவை. இவற்றைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் இவற்றால் ஆறு ஏழாகவில்லை. செயலகத்தின் இரண்டு மூன்றாகவில்லை.

கொள்கைக்கும் காசுக்கும் மோதல் வந்தால் எது ஜெயிக்கும் என்பதற்கு 2014 ஏப்ரலில் தெளிவான சான்று கிடைத்தது. மனித உரிமை ஒப்பந்தங்களைக் கண்காணிக்கும் நிபுணர் குழுக்களில் அறிக்கைகள் மலைபோலக் குவிந்து, விசாரணைகள் ஆண்டுக்கணக்கில் தேங்கின. ஆறு மொழிக்கும் மொழிபெயர்க்கும் செலவும் அதற்கு ஒரு காரணம். பொதுச்சபை என்ன செய்தது? குழு ஒன்றுக்கு மூன்று மொழி, விதிவிலக்காக நான்காவது ஒன்று என்று வரம்பு கட்டி, மிச்சமான பணத்தைக் கூடுதல் அமர்வுகளுக்குத் திருப்பியது. இதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரிசையில் நிற்கும் புகாருக்கு விசாரணை கிடைப்பது முக்கியம்தான். ஆனால் பன்மொழியைத் தன் அடிப்படை மதிப்புகளில் ஒன்றாகச் சொல்லிக்கொள்ளும் அதே சபை, கணக்குப் பிள்ளை வந்து நின்றதும் முதலில் கைவைத்தது அதில்தான்.

செலவைச் சொல்கிறவர்கள் தப்பாகச் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆறு மொழியில் மூன்று மணி நேரம் நடக்கும் ஒரே ஒரு கூட்டத்துக்கு 14 மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் கூண்டுகளில் இரண்டிரண்டு பேர். அரபு, சீனக் கூண்டுகளில் இருவழியும் பெயர்க்கவேண்டியிருப்பதால் மும்மூன்று பேர். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறாவிட்டால் மூளை தாங்காது. செயலக அறிக்கை 8,500 சொற்களைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருப்பதே மொழிபெயர்ப்புச் சுமைக்காகத்தான். இவ்வளவு எதற்கு, எல்லோருக்கும்தான் ஆங்கிலம் தெரியுமே, ஒரு மொழியோடு நிறுத்திக்கொண்டால் மிச்சமாகும் பணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம் என்று கேட்பது சுலபம்.

அந்த எல்லோரும் யார் என்பதில்தான் வாதம் சறுக்குகிறது. நியூயார்க்குக்கு அனுப்பப்படும் இராஜதந்திரிக்கு ஆங்கிலம் தெரியும். அவர் எதற்காகப் பேசப் போனாரோ அந்த மக்களுக்குத் தெரியாது. 2010 ஜனவரி 12ஆம் தேதி ஹெய்தியை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியபோது உலகமே உதவிக்கு ஓடியது. தண்ணீர், மருத்துவம், கூடாரம் என்று துறைவாரியாக ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் ஐ.நா. தளத்துக்குள் நடந்தன. பல கூட்டங்களின் மொழி ஆங்கிலம். அந்த நாட்டின் அலுவல் மொழிகள் பிரெஞ்சும் கிரியோலும். பெரும்பாலான மக்களின் பேச்சு கிரியோல் மட்டுமே. உள்ளூர் அமைப்புகள் தங்கள் நாட்டு நிவாரணத்தைப் பற்றிய கூட்டத்திலேயே வெளியாட்களாக நின்றன. வாசலில் நுழைவுச் சீட்டு பெறுவதே அவர்களுக்குப் பாடாக இருந்தது. ஒற்றை மொழியில் மிச்சப்படுத்திய பணம் அங்கே தவறான இடத்துக்குப் போன உதவியாகத் திரும்பச் செலவானது. மொழிபெயர்ப்பைத் தலைமையகத்தின் ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் அதன் களத் தேவையை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தேவை அந்த ஆறு மொழிகளோடு நிற்பதுமில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் செய்துகாட்டுகிறதே, ஐ.நா.வால் ஏன் முடியாது என்று எதிர்ப்பக்கத்திலிருந்தும் கேட்பார்கள். 1958இல் ஐரோப்பியச் சமூகம் இயற்றிய முதலாவது ஒழுங்குவிதியே மொழி பற்றியதுதான். அப்போது நான்கு மொழிகள், இன்று 24. மால்ட்டா மொழிக்கும் ஜெர்மனுக்கும் சட்டத்தில் ஒரே மதிப்பு. ஆனால் அந்தச் சமத்துவம் பெருந்தன்மையால் வந்ததல்ல. ஐரோப்பிய விதி ஒரு லிஸ்பன் மீனவரையோ வார்சா மளிகைக்கடைக்காரரையோ நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. படிக்க முடியாத சட்டத்தை மீறினாய் என்று குடிமகனைத் தண்டிக்க முடியாது. ஐ.நா. தீர்மானம் அரசுகளோடு பேசுகிறது. குடிமக்களோடு நேராகப் பேசுவதில்லை. அதனால்தான் அதன் மொழிப் பட்டியல் அரசுகளின் பலத்தை மட்டும் பிரதிபலித்துக்கொண்டு எந்த வெட்கமும் இல்லாமல் இருக்க முடிகிறது.

இந்தக் கணக்கு இந்தியாவுக்கு நன்றாகவே தெரியும். 1977 அக்டோபரில் வெளியுறவு அமைச்சராக இருந்த வாஜ்பாய் பொதுச்சபையில் இந்தியில் பேசியது பெரிய நிகழ்ச்சியாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1974 செப்டம்பரில், வங்கதேசம் உறுப்பினரான அடுத்த வாரத்தில், முஜிபுர் ரஹ்மான் அங்கே வங்காளத்தில் பேசிவிட்டார். இரண்டுக்கும் வழிவிட்டது சபையின் 53ஆம் விதி. எந்த மொழியிலும் பேசலாம். ஆறில் ஒன்றில் அதன் மொழிபெயர்ப்பை நீங்களே ஏற்பாடு செய்யவேண்டும். 2018 ஜனவரியில் மக்களவையில் இந்தியை ஐ.நா. அலுவல் மொழியாக்கும் பேச்சு வந்தபோது, 193இல் 129 நாடுகளின் ஆதரவு வேண்டும், செலவை எல்லா நாடுகளும் பகிரவேண்டும் என்பதே தடை என்றார் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ்; பணம் மட்டும்தான் பிரச்சினை என்றால் கொடுக்கத் தயார் என்றும் சொன்னார். நாளை ஒரு தமிழரோ வங்காளியோ பிரதமரானால் அவரை ஏன் அங்கே இந்தியில் பேச வைக்கவேண்டும் என்று சசி தரூர் திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குச் சரியான பதில் அன்றும் வரவில்லை. ஆனால் சுஷ்மா சொன்ன கணக்குதான் ஐ.நா. வரலாறு ஒப்புக்கொள்ளும் கணக்கு.

2022 ஜூன் 10ஆம் தேதியின் பன்மொழித் தீர்மானத்தில் இந்தி, வங்காளம், உருது ஆகியவற்றின் பெயர்கள் இடம்பெற்றன. இந்தி ஐ.நா. மொழியாகிவிட்டது என்று நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் வரை செய்தி பரவியது. நடந்தது அதுவல்ல. முக்கிய அறிவிப்புகளை அலுவல் மொழி அல்லாத மொழிகளிலும் வெளியிடலாம் என்று செயலகத்தை ஊக்குவிக்கும் ஒரு வரி அது. அந்த வரிக்கு முன்னே நான்கு ஆண்டுகளாக இந்தியா, இந்தியில் செய்தி வெளியிட ஐ.நா.வுக்குப் பணம் கொடுத்துவந்தது. அந்த ஆண்டு மே மாதம் கொடுத்தது மட்டும் 8 லட்சம் டாலர். அரபும் ஜெர்மனும் நுழைந்த அதே வாசல்தான். 

தமிழுக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. யுனெஸ்கோ 1948இல் தொடங்கிய கூரியர் இதழ் 1967 முதல் தமிழிலும் வெளிவந்தது. மணவை முஸ்தபா நீண்ட காலம் அதன் ஆசிரியராக இருந்தார். அணுவியல் முதல் தொல்லியல் வரை பாரிஸில் எழுதப்பட்டதைத் தமிழாக்க அவருக்குச் சொற்கள் தேவைப்பட்டன. பிற்காலத்தில் அவர் வெளியிட்ட அறிவியல் கலைச்சொல் அகராதிகளுக்கு அந்த மேசைதான் பட்டறை. 1980களின் கடைசியில் கூரியர் 35 மொழிகளில் வந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு போன்ற சில பதிப்புகள் தவிர மற்றவற்றை அந்தந்த நாடுகளின் யுனெஸ்கோ ஆணையங்களே கையிலெடுத்து நடத்தின. பணம் வற்றியதும் பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, தமிழும் நின்றது. இதழே சில ஆண்டுகள் நின்றுபோய் 2017இல் மறுபடி வந்தபோது அதற்கு நிதி கொடுத்தது சீனா.

தமிழை ஐ.நா. அலுவல் மொழியாக்கவேண்டும் என்ற கோரிக்கை நம் மேடைகளில் அவ்வப்போது கைதட்டல் வாங்குகிறது. தமிழை அலுவல் மொழியாகக் கொண்ட உறுப்பு நாடுகள் இலங்கை, சிங்கப்பூர் என்று இரண்டு இருந்தும், அந்தக் கோரிக்கைக்கு 193 நாடுகளின் மன்றத்தில் வாக்கும் கிடைக்காது, பங்குத்தொகை கட்ட ஆளும் கிடைக்காது. கடைசியாக ஒரு மொழி உள்ளே வந்த 1973இல் உறுப்பு நாடுகள் 135. அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை 58 கூடியும் ஏழாவது மொழி வரவில்லை. கேட்பதானால் ஜெர்மன்காரர்கள் கேட்டதைக் கேட்கலாம். பாதுகாப்புச் சபைத் தீர்மானங்கள், மனித உரிமை அறிக்கைகள், பருவநிலை ஆவணங்கள் இவை தமிழில் முறையாக, தொடர்ச்சியாக, பொறுப்பான ஒரு பிரிவின் கையால் வெளிவரட்டும். செலவை நாம் ஏற்போம் என்று டெல்லி வழியாகவோ கொழும்பு வழியாகவோ எழுதிக் கொடுக்கலாம். இலங்கை பற்றிய ஜெனீவா அறிக்கைகளைத் தங்கள் மொழியிலேயே படிக்க உரிமையுள்ள மக்கள் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். மேடையில் நாற்காலி கேட்பதைவிட அவர்களுக்கு அது உடனே பயன்படும்.